ஒரு நாள் கூலிக்கு எத்தனை கொத்து

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.01.2024

அன்புத் தம்பி நௌபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் சுகம். அந்நிய மண்ணில் நீயும் நோய்நொடியில்லாமல் இருக்க அல்லாஹ் துணை நிற்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை நாம் போனில் கத்திக்கொண்டது கடை முழுக்கக் கேட்டது. மச்சான் போனைப் பறித்து, "ராத்தாவும் தம்பியும் இனிக் கடிதம் எழுதுங்க. முத்திரைக் காசு குடுத்து ஆரும் கத்தமாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

கோழிக் கொத்து ரொட்டியை ஏன் ஆயிரத்து நூறு ரூபா ஆக்கினேன் என்று கேட்டாய். நீ தோஹாவில் இருந்துகொண்டு கேட்பாய். கரட் ஒரு கிலோ ஆயிரத்துக்கு மேல். முட்டைக்கோவாவைத் தொட்டால் கை சுடுகிறது. வருஷம் பிறந்தவுடன் வரியும் கூடிவிட்டது. நான் யாரிடம் போய்க் கத்துவது?

எல்லாரும் என்னிடம் வந்து கத்துகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கனகரத்தினம் அண்ணனை உனக்குத் தெரியும்தானே, வாப்பா கடை நடத்திய காலத்திலிருந்து வருகிறவர். விலைப்பலகையைப் பார்த்துவிட்டு அவர் சாப்பிட உட்காரவே இல்லை. "பிள்ளை, நாலஞ்சு வருஷத்துக்கு முன்னம் என்ர நாள் கூலி ஆயிரத்து இருநூறு. உங்கட கொத்து முந்நூறு. நாலு கொத்து வாங்கலாம். இப்ப கூலி ரெண்டாயிரத்து ஐந்நூறு. ரெண்டு கொத்தும் ஒரு பிளேன்ரீயும். என்ர சம்பளம் கூடினதோ குறைஞ்சதோ, நீயே சொல்லு" என்று கேட்டார். கேட்டதோடு விட்டாரா? மேசை மேசையாகப் போய் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். இப்போது அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிறவர்கூடத் தன் சம்பளத்தைக் கொத்தாக மாற்றிப் பார்த்துவிட்டு என்னை முறைக்கிறார். நானா அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறேன்?

இதற்குள் தொலைக்காட்சியில் பணவீக்கம் குறைந்துவிட்டதாம். உடனே வந்து நிற்கிறார்கள், "ராத்தா, குறைஞ்சிட்டாமே" என்று. குறைந்தது விலை இல்லை, விலை ஏறுகிற வேகம் என்று எத்தனை பேருக்கு நான் வகுப்பெடுப்பது? தென்னையில் ஓடி ஏறியவன் மெல்ல ஏறத் தொடங்கினால் இறங்கிவிட்டான் என்று அர்த்தமா?

ஜுமானா சுகம். உன் மனைவியைப் பற்றி யோசிக்காதே, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

உன் மீது கோபமும் அன்பும் உள்ள ராத்தா,
சுஹைரா


தோஹா
05.02.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் வாசித்தேன். நீங்கள் எழுதும்போதும் கத்துகிறீர்கள். என் உடம்புக்குக் குறைவில்லை.

நான் விலையைக் கூட்டியதைக் குறை சொல்லவில்லை. கூட்டிய விதத்தைத்தான் சொல்கிறேன். எங்கள் பொரித்த கோழிக் கடையில் விலை கூடியது யாருக்கும் தெரியாது. கோழித்துண்டு, உருளைக்கிழங்குப் பொரியல், சோடா மூன்றையும் ஒன்றாகக் கட்டி 'கொம்போ' என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெட்டி பெரிதாக இருக்கும், உள்ளே கோழி சிறுத்திருக்கும். சனம் சிரித்துக்கொண்டு வாங்கிப் போகும். நீங்களும் சின்னக் கொத்து, நடுக் கொத்து, பெரிய கொத்து என்று மூன்றாகப் பிரியுங்கள். பலகையை ஒரேயடியாக அழித்து எழுதினால் சனம் சண்டைக்கு வரத்தான் செய்யும்.

கனகரத்தினம் அண்ணனின் கணக்கு இங்கேயும் ஓடுகிறது. எங்கள் கொம்போ ஒன்று இருபத்தெட்டு றியால். அதை நான் காசு கொடுத்து வாங்குவதென்றால் நாலு மணித்தியாலம் நின்று வேலை செய்ய வேண்டும். ஆனால் வேலையாட்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு இலவசம். அதனால் கவலையில்லை.

ஜுமானா பொழுதுபட்டால் போனை எடுப்பதில்லை. எனக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நேரத்தில்தான். கேட்டால் தையல் வகுப்பு என்கிறாள். தையல் வகுப்பை இரவிலா நடத்துகிறார்கள்? நீங்கள் ஒருக்கால் விசாரித்து எழுதுங்கள்.

மச்சானுக்கு என் சலாம்.

உங்கள் தம்பி,
நௌபர்


திருகோணமலை
03.03.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வரப்போகிறது. வேலை செய்துகொண்டு பிடிக்கிறவன் நீ, தண்ணீரை நிறையக் குடித்துக்கொள்.

உன் கொம்போ யோசனையைக் கேட்ட என்னைத்தான் அடிக்க வேண்டும். சின்னக் கொத்து அறுநூறு என்று எழுதி வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் சின்னக் கொத்து. இரண்டு பேருக்கு ஒரு சின்னக் கொத்து. "கொஞ்சம் குழம்பு ஊத்துங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று கோழிக்குழம்பு முழுவதும் சின்னக் கொத்திலேயே போய்விட்டது. ஒருவர் வீட்டிலிருந்து பாண் கொண்டுவந்து தோய்த்துச் சாப்பிட்டார். கிழமை முடிவதற்குள் அந்த வரியை அழித்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய இடி. கல்லில் நின்று கொத்துப் போடுகிற நம் பாஸ் றுவைஸ் வேலையை விட்டுப் போய்விட்டான். உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஹோட்டல் ஒன்றில் ஒரு நாளைக்கு நாலாயிரத்து ஐந்நூறாம். நான் கொடுத்தது மூவாயிரம். "ஏன்டா, வாப்பா காலத்திலயிருந்து நிண்டவன்தானே" என்றேன். அவன் ரொட்டி கொத்துகிற தகடு இரண்டையும் கழுவித் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னான்: "ராத்தா, ராவைக்கு நூறு கொத்துப் போடுறன். வீட்ட போகக்குள்ள பிள்ளையளுக்கு மூணு பார்சல் கட்டினா என்ர கூலி முடிஞ்சுது. நீங்க நல்லவங்க, அதுக்கு நான் என்ன செய்யிற?"

நல்லவள் என்ற பட்டத்தோடு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது ஒரு புதுப்பையன் நிற்கிறான். அவன் போடுவது கொத்து இல்லை, உப்புமா.

தையல் வகுப்பைப் பற்றி நீ அவளிடமே கேள். புருஷன் பெண்சாதி விஷயத்தில் என்னை இழுக்காதே.

உன் யோசனையால் நஷ்டப்பட்ட,
ராத்தா


தோஹா
20.04.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்களுக்கும் மச்சானுக்கும் கடந்துபோன பெருநாளின் வாழ்த்துகள். நான் சுகம். பெருநாளன்று விடுமுறை கிடைக்கவில்லை.

கொழும்பில் ஏதோ சங்கம் கொத்துக்கும் சோற்றுப் பார்சலுக்கும் விலை குறைக்கச் சொன்னதாக இங்கே போனில் செய்தி பார்த்தோம். அறையில் உள்ள நம் ஊர்ப் பையன்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆறு பேரும் கட்டிலில் இருந்து பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு ஊரில் கொத்து குறைந்ததற்குக் கைதட்டினோம். நீங்கள் குறைத்தீர்களா?

ஜுமானாவுக்குப் பணம் அனுப்பச் சற்றுத் தாமதமாகிறது. வங்கியில் ஏதோ சிக்கல். அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை செலவுக்கு ஏதும் தேவையென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அறையில் இருக்கும் கிண்ணியா சஜீத் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஈச்சம்பழமும் சவர்க்காரமும் கொடுத்துவிட்டிருக்கிறேன். கடைக்கு வருவான், நல்லதாக ஒரு கொத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த உப்புமாக்காரன் இன்னும் நிற்கிறானா?

நௌபர்


திருகோணமலை
19.05.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈச்சம்பழம் கிடைத்தது. சஜீத் வந்தான், சாப்பிட்டான், இன்னொன்றைப் பார்சலும் கட்டிக்கொண்டு போனான். நீ மெலிந்துவிட்டாய் என்றான். ஏன்?

அந்தச் சங்கத்தைப் பற்றி எழுதாதே, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொழும்பில் யாரோ குளிரூட்டிய அறையில் இருந்து ஐம்பது ரூபா குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் இன்னும் கடை திறக்கக்கூட இல்லை, கனகரத்தினம் அண்ணன் வாசலில் நிற்கிறார். "பிள்ளை, ரேடியோவில சொன்னவங்கள்." ரேடியோவா எனக்குக் கோதுமை மா கொண்டுவந்து தருகிறது?

ஆனாலும் குறைத்தேன். ஆயிரத்தைம்பது. சனம் திரும்ப வருகிறது. உண்மையில் நோன்புக்குப் பிறகு வியாபாரம் நன்றாக இருக்கிறது. அந்தப் பையன் போய்விட்டான், கொத்துக்கு வேறு ஆள் பிடித்திருக்கிறேன். கை வேகம், சுத்தம், ரொட்டியில் ஒரு துண்டு வீணாகாது. றுவைஸைவிடத் திறம் என்று துறைமுகத்து ஆட்களே சொல்கிறார்கள். கூலிக்கு என்னோடு மல்லுக்கு நிற்காத ஆள்.

எப்படி இந்த விலைக்குக் கட்டுப்படியாகிறது என்று மச்சான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஜுமானா சுகம்.

சுஹைரா


தோஹா
09.06.2024

ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சஜீத் திரும்பி வந்துவிட்டான். வந்ததிலிருந்து ஒரே கதைதான். "மச்சான், உன்ர ராத்தாட கடையில ஒரு பொம்புளதான் கொத்துப் போடுறா. நீல முக்காடு. ரெண்டு தகட்டையும் பிடிச்சா, ரோட்டில போறவனும் நிண்டு பாக்கிறான்." அறையில் எல்லாரும் கேட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன். பெயர் என்ன என்றேன். தெரியாது என்றான். ஆளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னான். இடது கன்னத்தில் மச்சம் என்றான்.

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

யார் ராத்தா அது? ஜுமானாவிடம் போனில் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். அவள் "நெட்வேர்க் சரியில்ல" என்கிறாள். இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

நௌபர்


திருகோணமலை
30.06.2024

அன்புள்ள கணவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் உதவியால் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்தை நீங்கள் ஒருநாளும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் கேட்காமல் விடுகிறேன்.

ராத்தா உங்களுக்குப் பதில் எழுதாமல் ஒவ்வொரு நாளும் பேனையை எடுத்து எடுத்து வைக்கிறா. நான் எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீங்கள் கேட்பீர்கள், நான் ஓம் என்பேன், அதோடு முடிந்துவிடும்.

அது நான்தான்.

மார்கழியில் உங்கள் பணம் பாதியாக வந்தது. தையில் வரவில்லை. வங்கியில் சிக்கல் என்றீர்கள். எனக்கு வங்கியைப் பற்றித் தெரியாது, அரிசி விலை தெரியும். ராத்தாவிடம் கைநீட்டிக் கடன் வாங்க மனமில்லை. குசினியில் வெங்காயம் வெட்டவும் மா பிசையவும் வருகிறேன் என்றேன். தையல் வகுப்பு என்று உங்களுக்குச் சொன்னது அதுதான். பொய்தான். உங்களுடையதைப் போல அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள், தராவீஹ் தொழுகை முடிந்து சனம் நிறைந்திருக்கிற நேரம். அந்தப் பையன் கையைச் சுட்டுக்கொண்டு, தகட்டை எறிந்துவிட்டுப் போய்விட்டான். கல் சூடாக எரிகிறது. ஒரு மேசையில் துறைமுகத்து ஆட்கள், வாசலில் பார்சலுக்கு ஒரு வரிசை. ராத்தா தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறா.

"ராத்தா, நான் போடட்டா?" என்றேன்.

"உனக்கு ஏலுமா?"

"ஏலாட்டி நீங்க போடுங்க."

குசினியில் நின்ற நாளெல்லாம் றுவைஸின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாவது கருகியது. இரண்டாவதில் உப்பில்லை. மூன்றாவதைக் கனகரத்தினம் அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அடுத்ததைப் போடவில்லை. "இன்னொண்டு போடு பிள்ளை, வீட்டுக்கு" என்றார். அன்றிரவு தோள் இரண்டும் கழன்றுவிடும் போல வலித்தது. அப்படியொரு சந்தோஷம் கலியாணத்தன்றும் எனக்கு இருந்ததில்லை. கோபிக்காதீர்கள்.

சஜீத் வந்தபோது கொத்துக்குக் காசு கொடுக்கையில் உங்களைப் பற்றி மச்சானிடம் சொன்னதை நான் கேட்டேன். வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்றும், இலவசச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னான். உங்களைக் கேள்வி கேட்க இதை எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி நீங்கள் கோபப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. றுவைஸுக்கு மூவாயிரம். எனக்கு ராத்தா தருவது ஆயிரத்து ஐந்நூறு. நேற்றுக் கேட்டேன், "அவன் செஞ்ச வேலைதானே நானும் செய்யிறன்" என்று. "நாம ஒரு குடும்பம்தானே ஜுமானா" என்றா. "அப்ப குடும்பத்துக்குக் கொத்து என்ன விலை?" என்றேன். சிரித்தா. நான் சிரிக்கவில்லை. சனத்துக்கு ஐம்பது ரூபா குறைத்துக் கொடுத்ததாக ராத்தா பெருமைப்படுகிறா. அந்த ஐம்பது என் கையிலிருந்து போனது.

நாளையிலிருந்து நான் போகப்போவதில்லை. அவவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உங்கள் மனைவி,
ஜுமானா


தோஹா
14.07.2024

ராத்தாவுக்கு,

ஸலாம். என் சுகத்தை இப்போது கேட்காதீர்கள்.

என் மனைவியை ஊர் பார்க்கத் தெருவில் நிறுத்தினீர்கள். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. 'கொத்துக்கு வேறு ஆள் பிடித்திருக்கிறேன்' என்று எழுதக் கை எப்படி வந்தது? நான் இங்கே எந்த முகத்தோடு அறையில் இருப்பது? இதை எழுத நாலு தரம் தாளைக் கிழித்துவிட்டேன்.

நிறுத்தினதுதான் நிறுத்தினீர்கள், ஆயிரத்து ஐந்நூறா? ஊர்ச்சனம் கூலியைக் கொத்தாக எண்ணிப் பார்க்கிறது என்று எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினீர்களே. உங்கள் கல்லில் நிற்கிறவள் ஒரு நாள் கூலிக்கு ஒன்றரைக் கொத்துக்கூட வாங்க ஏலாது. அதை எண்ணிப் பார்த்தீர்களா? இங்கே என் முதலாளி யாரென்று எனக்குத் தெரியாது, முகத்தைக் கண்டதில்லை, அதனால் மனதுக்குள் திட்டிவிட்டுத் தூங்கலாம். அவள் யாரைத் திட்டுவாள்?

அவள் அங்கே நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு அரைக்கூலி கொடுப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. இரண்டில் எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

நௌபர்


திருகோணமலை
11.08.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத எனக்கு முகம் இருக்கவில்லை. சுகம்தான். கைதான் சுட்டுக்கொண்டது, அதைச் சொல்கிறேன்.

உன் மனைவி வரவில்லை. முதல்நாள் காய்ச்சல் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஆள் அனுப்பினேன். "றுவைஸ்ட கூலி தந்தா வாறன்" என்று சொல்லி அனுப்பினாள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். 'இவள் என்ன என்னோடு ஸ்ட்ரைக் பண்ணுகிறாள், நான் என்ன துறைமுகமா' என்று நானே தகட்டைப் பிடித்தேன். பிடித்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டேன். நான் போட்டதைச் சாப்பிட்ட கனகரத்தினம் அண்ணன் பாதியில் கை கழுவிவிட்டு, "பிள்ளை, இதுக்கு ஆயிரத்தைம்பது கேட்டா பொலிசுக்குத்தான் போவன்" என்றார். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வராமல் விட்டார்கள். பிசைந்த மாவை இரவில் கொட்டினேன். மாவைக் கொட்டுவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

பிறகு உன் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு மச்சானிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு அவர் தன் முச்சக்கரவண்டியைக் கிளப்பி, "ஏறு" என்றார்.

உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் கதிரை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணீர் தந்தாள், எல்லாம் மரியாதையாகத்தான்.

"உனக்குத் தெரியும்தானே, நான் லாபத்தில புரளல்ல" என்றேன்.

"தெரியும் ராத்தா."

"மூவாயிரம் தந்தா விலையத் திரும்பக் கூட்டோணும். சனம் என்னைத்தான் தின்னும்."

"அப்ப இவ்வளவு நாளும் என்னைத் தின்டது சரியா?"

அவள் கேட்டது சரிதான், நௌபர். எல்லாருக்கும் விலை ஏறுகிறது, எல்லாரும் என்னைப் பிழிகிறார்கள் என்று உனக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். பிழிவதற்கு எனக்கும் ஒருத்தி கிடைத்தாள், அவள் வீட்டு ஆள் என்பதால் கூலி கேட்கமாட்டாள் என்று நினைத்துவிட்டேன். வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

மூவாயிரம் என்று ஒத்துக்கொண்டேன். அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை லீவாம். வேலை செய்த பழைய நாட்களுக்குக் குறைந்த கூலியை மாதாமாதம் பிரித்துத் தரவேண்டுமாம். தோப்பூர்ப் பெண், சந்தையில் வளர்ந்தவள், எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓம் என்றேன்.

பலகையில் ஆயிரத்து நூறு என்று திரும்ப எழுதினேன். கனகரத்தினம் அண்ணன் பார்த்துவிட்டு வாயைத் திறக்க முன்பே நான் சொன்னேன், "அண்ணே, இந்த அம்பது அவக்கு." அவர் கல்லைப் பார்த்தார். ஜுமானா தலையைத் தூக்கவில்லை, ரொட்டியைக் கொத்திக்கொண்டு நின்றாள். "எனக்கும் ஆரும் இப்பிடிக் கூட்டித் தந்தா நல்லம்" என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார். காசை எண்ணி மேசையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். திட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார். நாளைக்கும் திட்டுவார். எனக்குப் பரவாயில்லை.

தெருவில் நிறுத்தினேன் என்று எழுதினாய். நான் நிறுத்தவில்லை, அவள் வந்து நின்றாள். நீ வந்து பார்த்தால் உனக்கு விளங்கும்.

உன் ராத்தா,
சுஹைரா


தோஹா
01.09.2024

அன்பு ஜுமானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா? தோள் வலி எப்படி இருக்கிறது? ராத்தா எல்லாவற்றையும் எழுதினா.

நீ எழுதியது சரிதான், என் வேலையைப் பற்றி. அதற்குமேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

எங்கள் கடையில் விலைப்பலகை இப்போது கண்ணாடித் திரை. யாரும் ஏறி நின்று அழித்து எழுதத் தேவையில்லை. காலையில் வந்து பார்த்தால் விலை மாறியிருக்கும். முந்தாநாள் நம் நாட்டு ஆள் ஒருவர், கட்டட வேலைக்காரர், மூன்று றியாலைக் கையில் கூடுதலாக வைத்துக்கொண்டு வந்தார். அதுவும் போதவில்லை. "நேத்து இவ்வளவு இல்லையே தம்பி" என்றார். யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ராத்தாவின் கடையில் என்றால் அவர் ஆசை தீரத் திட்டியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

ஐப்பசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. இப்போதைய சம்பளத்தைவிடக் குறைந்ததற்குக் கையெழுத்து வைத்தால் இன்னும் இரண்டு வருடம் நிற்கலாம். இல்லையென்றால் பயணச்சீட்டுத் தருவார்கள். கலியாணம் முடித்து வந்தபோதும், இரண்டாம் முறை வந்தபோதும் நானே முடிவெடுத்துவிட்டு உனக்குச் சொன்னேன். இந்த முறை நீ சொல். நான் வந்தால் நீ கடைக்குப் போகத் தேவையில்லை என்று எழுதப் பார்த்தேன். எழுதிவிட்டு வெட்டிவிட்டேன். மேலே மையால் அடித்திருப்பது அதுதான்.

நௌபர்


திருகோணமலை
22.09.2024

அன்புள்ள கணவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன். தோள் பழகிவிட்டது. மையால் அடித்ததை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். அடித்தது நல்லது.

நேற்றுத் தேர்தல். மாலையானதும் கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள், இன்னும் திறக்கவில்லை, அதனால்தான் நிதானமாக இருந்து எழுதுகிறேன். அதற்கு முன்பு ஒரு கிழமையாகக் கடையில் ஒரே கதை. யார் வந்தால் கொத்து எத்தனைக்கு இறங்கும் என்று மேசைக்கு மேசை பந்தயம். ராத்தா கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டா. மச்சான் இஞ்சித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "இவவும் எலெக்சனுக்கு நிண்டா நல்லாக் கத்துவா, கூட்டமும் சேரும்" என்றார். அவவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வருவதா நிற்பதா என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை, ஒரு கிழமை யோசித்தேன். குறைந்த சம்பளத்துக்கு அங்கே ஆறு பேரோடு ஒரு அறையில் பருப்பும் சோறும் சாப்பிடுவதற்கு நீங்கள் ஏன் நிற்க வேண்டும்? அனுப்புகிற காசு எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு வேண்டும். ஆனால் நீங்கள் மெலிந்து அனுப்புகிற காசில் நான் ஆயிரத்து நூறுக்குக் கொத்துச் சாப்பிட்டால் அது தொண்டையில் இறங்காது. வாருங்கள்.

ராத்தாவோடு கதைத்துவிட்டேன். மா பிசையவும் ரொட்டி வீசவும் ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம். எனக்கு வருவதைவிடக் குறைவு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு முகத்தை நீட்டக்கூடாது. ரொட்டி நன்றாக வந்தால் ஆறு மாதத்தில் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். தானாகக் கூட்டித் தரமாட்டா. அவவுக்கு மனம் இருக்கிறது, கேட்டால்தான் கை வரும். கேட்கும்போது நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கல்லில் நான் நிற்கும்போது ரொட்டி கேட்டால் உடனே தரவேண்டும். அந்த நேரத்தில் "கொஞ்சம் பொறு" என்ற கதை ஏலாது. வீட்டில் எவ்வளவும் பொறுக்கிறேன்.

சனம் பார்க்கும். முதல் கிழமை உங்களையும் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள், ஏதாவது சொல்வார்கள். பிறகு விலையைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள், நம்மை மறந்துவிடுவார்கள்.

வரும்போது சொக்கலேற், போர்வை ஒன்றும் வேண்டாம். காசிருந்தால் நின்று வேலை செய்கிறவர்கள் போடுகிற சப்பாத்து இரண்டு சோடி வாங்கி வாருங்கள், அடி மெத்தென்று இருக்குமே, அது. பொழுதுபட்டதிலிருந்து நிற்கிற வேலை. உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் கால் அளவு உங்களுக்குத் தெரியாது. முப்பத்தெட்டு.

உங்களை எதிர்பார்க்கும்,
ஜுமானா